ஆள் நிற்கிற இடம்

நல்ல பணியாளர்கள் ஏன் போகிறார்கள்? எங்கே தங்குகிறார்கள்? திருப்பூர் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு பார்வை

தீபாவளி முடிந்த மறுவாரம் திருப்பூர்த் தெருக்களில் நடந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பனியன் கம்பெனிகளின் கேட்டுகளிலும் மின்கம்பங்களிலும் அட்டைகள் தொங்கும். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், செக்கிங், கைமடி, அயர்னிங், பேக்கிங் என்று வரிசையாக எழுதி, கீழே ஒரு செல்போன் எண் இருக்கும். சில அட்டைகளில் இந்தியும் இருக்கும். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள், திரும்புகிறவர்களில் எத்தனை பேர் பழைய கம்பெனிக்கே வருவார்கள், எத்தனை பேர் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கேட்டுக்குள் நுழைவார்கள் என்ற கவலை அந்த வாரம் முழுக்க முதலாளிகளைப் பிடித்துக்கொள்ளும். ஷிப்மெண்ட் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது.

கோவையின் பவுண்டரிக்கும், சிவகாசியின் அச்சகத்துக்கும், தி.நகர் துணிக்கடைக்கும், ஓ.எம்.ஆர். மென்பொருள் அலுவலகத்துக்கும், தெருமுனை உணவகத்துக்கும் இதே கவலை உண்டு. ‘ஆள் கிடைக்கிறதில்லை, கிடைத்தாலும் நிற்கிறதில்லை’ என்பது தமிழ்நாட்டுத் தொழில்துறையின் பொதுப் புலம்பல். அதற்குச் சொல்லப்படும் காரணமும் பொதுவானதே: இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுப்பில்லை, நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள்.

நூறு ரூபாய்க்காக ஒருவர் போகிறார் என்றால், அவரை இருக்கவைக்க அந்த நூறு ரூபாய் அளவுக்குக்கூட அங்கே வேறெதுவும் இல்லை என்று பொருள். பணியாளர்களைத் தக்கவைக்க நம் மண்ணில் கையாண்ட வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. போக முடியாதபடி கட்டிவைக்க எடுத்த முயற்சிகள் முதலாளிக்கும் நிலைத்த பலனைத் தரவில்லை. அன்றாட வேலைநாளைத் தாங்கக்கூடியதாகவும், அடுத்த ஆண்டை நம்பக்கூடியதாகவும் மாற்றித் தரும் இடத்தில்தான் ஆள் நிற்கிறார்.

ஒருவர் போனால் எவ்வளவு போகிறது?

ஒரு டெய்லர் நின்றுவிட்டால் மேலோட்டமாகத் தெரிவது ஒரு மெஷின் காலி என்பது மட்டுமே. ஆனால் ஒரு டி-ஷர்ட் தோள் இணைப்பு, கழுத்துப் பட்டி, கை ஏற்றுதல், பக்கம் மூட்டுதல், அடிமடிப்பு என்று பல கை மாறித்தான் முழுமையாகிறது. நடுவில் கழுத்து ஏற்றுகிறவர் வரவில்லையென்றால் அவருக்கு முன்னால் தைத்தவை குவிந்துகிடக்கும். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அன்றைய கூலியே குறையும். புதிதாக வந்தவர் கழுத்து வளைவை நெளியாமல் ஏற்றப் பழகும்வரை செக்கிங் மேசையில் பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்தச் சுமையில் சலித்துப்போய் இன்னும் இரண்டு பேர் அடுத்த மாதம் கிளம்புவார்கள். இவை எதுவும் சம்பளப் பதிவேட்டில் செலவாக எழுதப்படுவதில்லை. அதனால்தான் ஆள் போவதன் விலை பல முதலாளிகளுக்குத் தெரிவதே இல்லை.

அந்த விலை தெரியவந்தபோது உலகமே பேசும்படி ஒரு முடிவை எடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. 1913-ல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் அவர் நகரும் உற்பத்தி வரிசையைக் கொண்டுவந்தார். கார்கள் வேகமாக உருவாயின. தொழிலாளர்கள் அதைவிட வேகமாக வெளியேறினார்கள். ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யும் அலுப்பை அவர்களால் தாங்க முடியவில்லை. சுமார் 14,000 பேர் வேலைசெய்த ஆலையை நடத்த அந்த ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. வெளியேற்ற விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டு நிறுவனம் ஒரு அறிவிப்பு செய்தது. ஒன்பது மணி நேர வேலைக்கு 2.34 டாலர் என்றிருந்த கூலி, எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் ஆனது. அந்த ஆண்டே வெளியேற்றம் 54 சதவீதமாகவும், 1915-ல் 16 சதவீதமாகவும் இறங்கியது.

கூலியைக் கூட்டியதோடு வேலை நேரத்தையும் ஒரு மணி நேரம் குறைத்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். அதோடு, அந்த 5 டாலரில் ஒரு பகுதியைப் பெற, தொழிலாளியின் வீட்டுக்கே வந்து அவருடைய வாழ்க்கைமுறையைச் சோதிக்கும் ஒரு துறையையும் நிறுவனம் வைத்திருந்தது. நல்ல கூலியோடு இந்தக் கண்காணிப்பும் சேர்ந்தே வந்தது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. நல்ல சம்பளம் கொடுப்பதால் ஒருவருடைய சொந்த வாழ்க்கையின் மீது முதலாளிக்கு உரிமை வந்துவிடுவதில்லை.

கட்டிவைத்த காலம்

தமிழ்நாட்டில் ஆளை நிறுத்திவைக்கக் கையாண்ட பழைய வழி முன்பணம். விசைத்தறியிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இது பரவலாக இருந்தது. வேலைக்குச் சேரும்போதே ஒரு தொகை கொடுப்பார்கள். கடன் தீரும்வரை வேறு இடம் போகக் கூடாது. கூலி குறைவாக இருப்பதால் கடன் தீராது. மருத்துவச் செலவு, திருமணச் செலவு என்று மேலும் வாங்கக் கடன் ஏறும். இதன் கொடிய வடிவத்தைத்தான் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. இந்த முறை முதலாளிக்கும் நன்மை செய்யவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிகளில் பழைய முன்பணத்தை அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிப்போகும் அடுத்த முதலாளி எப்போதும் இருந்தார். பெரிய தொகை முன்பணமாக முடங்கியது, ஆளும் நிற்கவில்லை.

அடுத்தது நூற்பாலைகளில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’. கிராமத்து ஏழைக் குடும்பங்களின் பதின்பருவப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆலை வளாகத்திலேயே விடுதியில் தங்கவைப்பார்கள். காலம் முழுதாக முடிந்தால் திருமணத்துக்கு உதவும்படி ஒரு மொத்தத் தொகை தரப்படும். உடல்நலம் கெட்டு இடையில் நின்றவர்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. அது யாரோ தந்த பரிசும் இல்லை. மாதாமாதம் அவர்களுக்கே சேர வேண்டிய கூலியில் பிடித்துவைத்தது. வெளியே போக அனுமதி இல்லாத விடுதி, நீண்ட வேலை நேரம், வீட்டோடு பேசக் கட்டுப்பாடு என்று அந்தப் பெண்களின் அனுபவங்கள் வெளிவந்தபோது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டனம் எழுந்தது. இங்கிருந்து துணி வாங்கிய பன்னாட்டு நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திருமணத்தின் பெயரைச் சொல்லி இளம்பெண்களின் மூன்று ஆண்டுகளை அடகு பிடித்த அந்த ஏற்பாட்டுக்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தது பெரிய அநியாயம்.

படித்தவர்களின் வேலையிலும் இதே மனப்பான்மை வேறு உருவில் இருக்கிறது. அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் தனியார் பள்ளி, கல்லூரிகள் இருக்கின்றன. இடையில் போனால் லட்சங்களில் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மென்பொருள் துறையில் தொண்ணூறு நாள் நோட்டீஸ் வழக்கமாகிவிட்டது. போவதென்று முடிவெடுத்த ஒருவரை மூன்று மாதம் பிடித்துவைத்தால் என்ன நடக்கிறது? அவர் நாற்காலியில் இருப்பார், மனம் இருக்காது. பக்கத்தில் இருப்பவர் தினமும் அவரிடம் புதுச் சம்பளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஒருவர் போகும் நாளை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய முந்நூறு நாட்கள் அவருக்கு எப்படி இருந்தன என்று அவை கேட்பதில்லை.

உட்கார ஓர் இருக்கை

பெரிய துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை நின்றபடியே வேலைசெய்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளரின் பார்வை வரும். கண்காணிப்புக் கேமராவும் இருக்கும். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகுவலி, சிறுநீரை அடக்குவதால் வரும் தொற்று எல்லாம் அந்த வேலையின் பகுதியாகவே ஆகிவிட்டன. தென்மாவட்டங்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வந்த இப்படிப்பட்ட இளைஞர்களின் வாழ்க்கையை 2010-ல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் தமிழகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு பணியாளருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் சட்டப்பேரவை முடிவுசெய்தது.

ஓர் இருக்கைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதை ஒவ்வொரு நிர்வாகியும் யோசிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் விலை சில நூறு ரூபாய். அதை வைக்காமல் விட்டதால், புடவையை விரித்துக் காட்டத் தெரிந்த, வருகிறவரின் முகம் பார்த்து விலையைச் சொல்லத் தெரிந்த, மூன்று தலைமுறைக்கும் ஒரே குடும்பத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுக்கக்கூடிய விற்பனையாளர்களை எத்தனை கடைகள் இழந்திருக்கும்! இருக்கை வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தால் முறைக்கிற கடைகள் இன்னமும் உண்டு. அங்கே சட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

சோறும் கூரையும்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் உருவானது. திரு.வி.க., பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார் போன்றவர்கள் முன்னின்றார்கள். அந்தச் சங்கத்தில் திரண்ட பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. நூறு ஆண்டுக்குப் பிறகும் சோறு ஒரு பெரிய ஆலையை நிறுத்தும் வலிமையோடுதான் இருக்கிறது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்ட தோழிகளைப் பற்றி விடுதியில் இருந்தவர்களுக்குச் சரியான தகவல் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கை, போதாத கழிப்பறை, தரமில்லாத சாப்பாடு என்று விடுதிகளின் நிலை அப்போதுதான் வெளியே வந்தது.

அந்தக் கோபத்துக்குச் செங்கல்லிலும் சிமெண்ட்டிலும் ஒரு பதில் கிடைத்தது. அதே பகுதியின் வல்லம் வடகாலில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அடுக்கடுக்கான கட்டிடங்களும் உணவுக்கூடமும் சமூக வாழ்க்கைக்கான இடங்களும் அங்கே அமைந்தன. வெளியூரிலிருந்து வரும் இளம்பெண் எந்த ஆலையில் நிற்பார் என்பதை அவர் இரவில் படுக்கும் அறையும் முடிவுசெய்கிறது என்று அரசும் தொழில்துறையும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

பெரிய ஆலைக்குக் கிடைத்த இந்த வசதி சிறிய பட்டறைகளில் வேலைசெய்பவர்களுக்கு எட்டவில்லை. திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்னும் பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேராகப் படுக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது சாப்பாடும் கூலியும் நின்றுபோய் அவர்கள் ஊர் திரும்பினார்கள். தொழில் மீண்டும் தொடங்கியதும் அவர்களை அழைத்துவரப் பேருந்து ஏற்பாடு செய்த நிறுவனங்கள் உண்டு. ஊரடங்கின் அந்த மாதங்களில் அரிசியும் வாடகையும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட இடத்துக்குத் திரும்ப ஒருவருக்குக் காரணம் இருந்திருக்கும். கைவிட்ட இடத்துக்குத் திரும்ப என்ன இருக்கிறது?

குழந்தை காப்பகத்தையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். பெண்கள் அதிகம் வேலைசெய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. ஐம்பதோ அதற்கு மேலோ பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இன்றும் பல இடங்களில் காப்பகம் என்பது தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தொட்டில் கட்டப்படும் அறை. எட்டு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண் டெய்லர் குழந்தை பிறந்ததும் வேலையை விடுகிறார். கம்பெனி உடனே ‘பெண்கள் நிற்க மாட்டார்கள்’ என்கிறது. அவருடைய குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வார் என்று அந்தக் கம்பெனி கேட்டிருந்தால் அவர் நின்றிருப்பார்.

சூப்பர்வைசரின் நாக்கு

முதலாளி தங்கமானவராக இருக்கலாம். ஆனால் பணியாளர் தினமும் பார்ப்பது சூப்பர்வைசரை. தொழிலாளியைப் பொறுத்தவரை கம்பெனி என்றால் அந்த ஒருவர்தான். டார்கெட் குறைந்தால் எல்லோர் முன்னாலும் திட்டுகிறவர், கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் பார்க்கிறவர், பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், ஒரு வரிசை முழுக்கக் காலியாகும். சொல்லாமல் நின்றுவிட்ட பலர் உண்மையில் சொல்ல இடமில்லாமல் நின்றவர்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஏற்றுமதி ஆடை ஆலையின் இளம்பெண் தொழிலாளி 2021-ல் கொல்லப்பட்டார். அந்த ஆலையில் பெண்கள் சந்தித்த பாலியல் தொல்லைகள் அதன் பிறகு வெளிச்சத்துக்கு வந்தன. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ கையெழுத்தானது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஆடை வாங்கும் எச்&எம் போன்ற நிறுவனங்கள், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் எல்லாம் இதில் சேர்ந்தன. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். புகார் சொன்னால் பழிவாங்கல் கிடையாது என்ற உறுதி எழுத்தில் இருந்தது. முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டதாக அதன் அறிக்கை சொன்னது. புகார்கள் வந்ததைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. வாய் திறந்து சொல்கிறவர், அந்த இடத்தில் தொடர்ந்து இருக்க விரும்பித்தான் சொல்கிறார்.

மரியாதையின் கணக்கு சம்பளக் கணக்கிலிருந்து வேறுபட்டது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரின் சாம்சங் ஆலை இன்னொரு சாட்சி. 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் போராட்டத்தின் மையத்தில் இருந்தது, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், தங்களோடு நேரில் பேச வேண்டும் என்ற கோரிக்கை. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவுபெற்றது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பலர் பயந்து ரயில் ஏறினார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் அறிவிப்புகளும் உதவி எண்களும் வெளியிட்டன. அந்த வாரத்தில் ஒரு தொழிலாளி முதலில் நம்பியிருக்க வேண்டிய குரல் அவருடைய சூப்பர்வைசருடையது. அதுவரை அதட்டலை மட்டுமே அந்தக் குரலில் கேட்டிருந்தால், ‘பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்’ என்று அது சொல்லும்போது யார் நம்புவார்?

ஏறிப்போக ஒரு படி

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-ல் ஒரு நூல் வெளியிட்டார். வேலையில் வெறுப்பை உண்டாக்குபவையும் விருப்பத்தை உண்டாக்குபவையும் தனித்தனி என்பது அவருடைய முடிவு. நிர்வாக விதிகள், மேற்பார்வை, சம்பளம், பணிச்சூழல் ஆகியவை மோசமாக இருந்தால் வெறுப்பு வரும். அவை சரியானால் வெறுப்பு நீங்கும், அவ்வளவே. செய்து முடித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவையே உழைக்கும் ஆசையைத் தருகின்றன. இந்தக் கருத்தின் மீது பின்னாளில் பல விமர்சனங்கள் வந்தன. ஆனாலும் நம் ஊர் ஆலைகளைப் பார்க்க இது உதவுகிறது. இருக்கையும் சோறும் கூரையும் மரியாதையும் முதல் வகை. அவை கிடைத்த பிறகும் ஒருவர், ‘பத்து வருடம் கழித்து நான் இங்கே என்னவாக இருப்பேன்?’ என்று கேட்பார்.

திருப்பூரில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, நாலு மெஷின் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் நடத்தி, சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவர்கள் அந்த ஊரில் ஏராளம். அந்த ஏணிதான் ஒரு காலத்தில் ஊரையே ஊக்கப்படுத்தியது. ஆனால் அதில் பெரும்பாலும் ஆண்களே ஏறினார்கள். பல ஆண்டு செக்கிங் செய்த பெண்ணுக்குத் துணியின் குறை கண்ணை மூடினாலும் தெரியும். இருந்தும் தர மேலாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுக்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த நல்ல டெய்லர் சூப்பர்வைசர் ஆவது இன்னும் அரிது. மேலே போக வழியில்லாதபோது பக்கத்துக் கம்பெனிக்குப் போவதுதான் மிஞ்சும் வழி.

மென்பொருள் துறையில் சோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த இளைஞர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து, வேலையும் தரும் பள்ளியைத் தொடங்கியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அதன் அலுவலகம் இயங்குகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாதவரும் ஏறக்கூடிய படி ஒன்றை ஒரு நிறுவனம் தானே கட்டியது. வேலையை ஊருக்குப் பக்கத்திலும் கொண்டுவந்தது. வயதான பெற்றோரை விட்டு நகரத்துக்குப் போக மனமில்லாத ஒருவருக்கு அது சம்பள உயர்வைவிடப் பெரியது.

பணம் எப்போது ஆளை நிறுத்தும்?

சம்பளம் முக்கியமில்லை என்று யாரும் பேசக் கூடாது. சந்தை விலைக்குக் கீழே கூலி கொடுத்துவிட்டுப் பாராட்டுச் சான்றிதழ் கொடுப்பது தொழிலாளியை ஏமாற்றும் வேலை. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இன்ஃபோசிஸின் வெளியேற்ற விகிதம் 27.7 சதவீதம்; டி.சி.எஸ்-இல் 17.4 சதவீதம். கொரோனாவுக்குப் பிந்தைய தேவையில் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு எடுத்த காலம் அது. புதிதாக வந்தவருக்கு உள்ளே ஐந்தாறு ஆண்டு உழைத்தவரைவிட அதிகச் சம்பளம் கொடுத்த நிறுவனங்கள் பல. இருப்பவர் போனால்தான் மதிப்பு கூடும் என்று அந்த நிறுவனங்களே கற்றுக்கொடுத்தன.

2022 ஏப்ரலில் சென்னையின் ஐடியாஸ்2ஐடி மென்பொருள் நிறுவனம் நீண்ட காலம் உழைத்த 100 பேருக்குக் கார் கொடுத்தது தலைப்புச் செய்தியானது. அதைவிடக் கவனிக்க வேண்டியது கோவையின் கோவை.கோ நிறுவனம் செய்தது. மூன்று ஆண்டு முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சம்பளத்துக்கு நிகரான போனஸ் என்று 2022-லேயே அறிவித்து, 2025 தொடக்கத்தில் 140 பேருக்குச் சுமார் 14.5 கோடி ரூபாயை வழங்கத் தொடங்கியது. தகுதிபெற்ற எல்லோருக்கும் ஒரே விதி. முன்கூட்டியே தெரிந்த விதி. முதலாளியின் மனநிலைக்கு ஏற்ப மாறாதது.

இதுவும் காலம் முடிந்ததும் தரும் மொத்தத் தொகைதானே, சுமங்கலித் திட்டத்திலிருந்து எப்படி மாறுபடுகிறது என்று கேட்கலாம். இங்கே மாதச் சம்பளம் முழுதாகக் கைக்கு வருகிறது. போனஸ் அதற்கு மேல் வருகிறது. கதவு திறந்திருக்கிறது. பணியாளரின் சொந்தக் கூலியைப் பிடித்துவைத்துத் திருப்பித் தருவதும், வளர்ச்சியில் அவருக்குப் பங்கு தருவதும் எந்நாளும் ஒன்றாகாது.

பத்து பேர் வேலைசெய்யும் இடத்தில் உடனே செய்யக்கூடியவை

● சம்பளத் தேதியை மாற்றாதீர்கள். வாரக்கூலி என்றால் சனிக்கிழமை மாலைக்குள், மாதச் சம்பளம் என்றால் ஏழாம் தேதிக்குள். பள்ளிக் கட்டணமும் வட்டியும் அந்தத் தேதியை நம்பியே இருக்கின்றன.

● பீஸ் ரேட்டை ஆர்டர் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள். தைத்து முடித்த பிறகு ரேட் பேசுவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

● புதியவரின் முதல் வாரத்தைக் கவனியுங்கள். யார் பக்கத்தில் உட்கார்வது, எங்கே சாப்பிடுவது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்ல ஒருவரை நியமியுங்கள்.

● விடுப்பு நாட்களைக் கலந்து பேசித் திட்டமிடுங்கள். குலதெய்வக் கோயில் திருவிழாவும் பள்ளி திறக்கும் வாரமும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தவைதான்.

● பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தால் கட்டுங்கள், கட்டியதைக் காட்டுங்கள். பிடித்த பணம் கணக்கில் ஏறியிருப்பதைத் தன் செல்போனில் பார்க்கும் தொழிலாளிக்கு உங்கள் மேல் நம்பிக்கை பிறக்கும்.

● பாராட்டை எல்லோர் முன்னாலும், கண்டிப்பைத் தனியாகவும் சொல்லுங்கள். சூப்பர்வைசரை நியமிக்கும்போது வேலைத்திறனோடு இந்தக் குணத்தையும் பாருங்கள்.

● இருப்பவர்களிடம் கேளுங்கள். வேலையை விடும் நாளில் காரணம் கேட்பது காலம் கடந்த கேள்வி. ஐந்து ஆண்டாக உங்களோடு இருப்பவரிடம், ஏன் இருக்கிறார், எது அவரைப் போகத் தூண்டக்கூடும் என்று ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

இனி வரும் காலம்

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்றது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. 2021-22-இன் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்விக்குள் வந்துவிட்டார்கள். டெய்லரின் மகள் பொறியியல் படிக்கிறாள். பவுண்டரித் தொழிலாளியின் மகன் வங்கித் தேர்வு எழுதுகிறான். இது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய மாற்றம். வட மாநிலங்களிலும் சொந்த ஊரிலேயே வேலை பெருகும் நாள் வரும். குறைந்த கூலிக்கு, எந்த வசதியும் கேட்காமல், அதட்டலைப் பொறுத்துக்கொண்டு வரக்கூடிய ஆட்கள் இனி ஆண்டுக்கு ஆண்டு குறைவார்கள். ஆள் பற்றாக்குறையை மழை பொய்த்ததைப்போல யாருடைய பொறுப்பும் இல்லாத ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்க இனி முடியாது.

எல்லோரையும் எந்நாளும் தக்கவைக்க முடியாது. அப்படி நினைக்கவும் கூடாது. திருமணம், மேற்படிப்பு, சொந்தத் தொழில், பெற்றோரின் உடல்நலம் என்று போவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அப்படிப் போகிறவரின் கணக்கை அன்றே முடித்து, சான்றிதழை மரியாதையோடு கொடுத்து அனுப்புகிற நிறுவனத்துக்கு அவரே நாளை இரண்டு பேரை அனுப்பிவைப்பார். சில சமயம் அவரே திரும்பவும் வருவார்.

தனியொரு சிறு முதலாளியால் விடுதியும் காப்பகமும் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு தொழிற்பேட்டையால் முடியும். ஒரு தொழில் சங்கத்தால் முடியும். அரசால் நிச்சயம் முடியும். வல்லம் வடகாலில் ஒரு பெரிய ஆலையின் பெண்களுக்காக 706 கோடி ரூபாயில் கட்ட முடிந்த அரசு, திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் கரூரிலும் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் பகிர்ந்துகொள்ளும் விடுதிகளையும் காப்பகங்களையும் பேருந்துகளையும் தர வேண்டும். முதலாளிகள் தங்கள் பங்காக நாள் தவறாத கூலியையும் மரியாதையான பேச்சையும் ஏறுவதற்கு ஒரு படியையும் தர வேண்டும். இந்த இரண்டு பொறுப்புகளையும் தட்டிக்கழித்துவிட்டு, ஆட்களுக்கு விசுவாசம் இல்லை என்று பேசும் தகுதி யாருக்கும் கிடையாது.